ஆய்வு மாணவர்களுக்குக் கைகொடுப்போம்

வணக்கம். கொரோனா காலத்தில், முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 டிசம்பர் 31 வரை அவகாசம் தந்தது. ஆனால் உதவித்தொகை 5 ஆண்டுகளோடு சரி. கொரோனாவில் ஆய்வகம் பூட்டிக் கிடந்த மாதங்களும் அந்தக் கணக்கில்தான் போயின. அப்போது மாதம் 35,000 ரூபாய் வந்துகொண்டிருந்தவர்களுக்கு அது நின்றுவிட்டது, வாடகை நிற்கவில்லை. நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேறாமல் 8,000 ரூபாயில் காலம் தள்ளுகிறவர்கள் பாடு இன்னும் மோசம்.

நம்மில் பலர் நல்ல வேலையில் இருக்கிறோம். உங்கள் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் இடம், மொழிபெயர்ப்பு, ஆன்லைன் வகுப்பு என எது இருந்தாலும் இங்கே போடுங்கள். சம்பளத்தையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். 'அனுபவம் கிடைக்கும்' என்று இலவச வேலை தயவுசெய்து வேண்டாம். அப்புறம், பண உதவி தேவைப்படும் மாணவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். உங்கள் பெயரைக் குழுவில் சொல்லமாட்டேன்.