அக்கறை இல்லை, தேவை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

புதுத் தொழில் தொடங்குபவர்கள் மேல் அரசாங்கங்களுக்கு எப்போதிருந்து இவ்வளவு அக்கறை என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன். அக்கறை என்று நீ சொன்னதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1474-இல் வெனிஸ் ஒரு சட்டம் போட்டது. அந்த ஊரில் அதுவரை யாரும் செய்யாத கருவியைச் செய்து பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு. காப்பியடித்தால் 100 டுகாட் (அந்த ஊர்த் தங்கக் காசு) அபராதம், பொருளையும் உடைத்துவிடுவார்கள். உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை, கவனி. கைத்திறன் உள்ளவர்கள் தங்கள் ஊருக்கு வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

கதை சூடுபிடிப்பது இங்கிலாந்தில். 1707-இல் சில்லி தீவுகள் அருகே போர்க்கப்பல்கள் பாறையில் மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மூழ்கிப்போனார்கள். நடுக்கடலில் தீர்க்கரேகையைச் சரியாகக் கணிக்க வழியில்லாத காலம் அது. 1714-இல் நாடாளுமன்றம், வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு என்று அறிவித்தது. புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கடலிலும் பிசகாமல் காட்டும் கடிகாரம் இருந்தால், கப்பல் நிற்கும் இடத்து நேரத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கணித்துவிடலாம். ஜான் ஹாரிசன் என்ற தச்சர் வீட்டுப் பிள்ளை அதற்காகவே கடிகாரம் செய்தார். அவருடைய நான்காவது கடிகாரம் 1761-இல் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. போய்ச் சேர்ந்ததும் கணக்குப் பார்த்தால், 81 நாளில் பிசகியது சுமார் 5 விநாடி!

சரி, பணம் கொடுத்தார்களா? மறுபடி சோதனை, மறுபடி நிபந்தனை. 1765-இல் கடிகாரத்தை ஒரு குழுவின் முன்னால் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் பாதிப் பணம்தான். மிச்சத்துக்கு மன்னர்வரை போய் முறையிட வேண்டியிருந்தது. 1773-இல் நாடாளுமன்றமே தலையிட்டு 8,750 பவுண்டு கொடுத்தபோது மனிதருக்கு வயது 80. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் 1957-இல் சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்தது. பின்தங்கிவிடக் கூடாதே என்று மறு ஆண்டே அமெரிக்கா, ராணுவத்துக்கான புதுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அர்ப்பா என்ற அமைப்பைத் தொடங்கியது. 1990-களில் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து ஏராளமான பொறியாளர்கள் இஸ்ரேலில் வந்து இறங்கினார்கள், வேலைதான் இல்லை. 1993-இல் அந்த அரசு யோஸ்மா என்ற பெயரில் 10 கோடி டாலர் ஒதுக்கி, அதில் பெரும்பகுதியைத் தனியார் முதலீட்டு நிதிகளோடு சேர்த்துப் போட்டது. தொழில் ஓடினால், அரசின் பங்கைப் போட்ட விலையோடு வட்டி மட்டும் சேர்த்து 5 ஆண்டுக்குள் அந்தத் தனியார் நிதிக்காரர்களே வாங்கிக்கொள்ளலாம். ஹாரிசனைப் படுத்தியதற்கு இது எவ்வளவோ மேல்.

நீ விண்ணப்பிக்கப்போகும் திட்டத்தில் அரசுக்கு என்ன தேவை, பணம் எந்தக் கட்டத்தில் கைக்கு வரும், பங்கு கேட்டால் எந்த விலைக்குத் திருப்பி வாங்கலாம் என்று முதலில் பார். கையெழுத்துப் போடுவதற்கு முன் விதிமுறைகளை எனக்கும் அனுப்பு. நானும் ஒரு தடவை படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா