"நன்றி: இணையம்" என்று அச்சிட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ்ப்பட விளம்பரங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையில், இணையத்தில் நாள் முழுக்கச் சினிமா பேசிக்கொண்டிருக்கும் வடசென்னை ரசிகர்களுக்கு விசிலையும் வசவையும் தவிர வேறொன்றும் தெரியாது என்று ஒரு வரி இருந்தது. எழுதியவரைவிட, அதைப் படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பிய தங்கள்மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம். ஏனென்றால் அந்த வரிக்கு எதிர்ப்பக்கத்தில் தாங்கள் பெரிதாக வெளியிட்டிருக்கும், அந்நாளில் படத்தோடு விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகத்தின் அட்டை, வியாசர்பாடியில் எங்கள் வீட்டுப் பரணில் உள்ள பெட்டியிலிருந்து வந்தது. அதன் கீழே "நன்றி: இணையம்" என்று போட்டிருக்கிறீர்கள்.

அது எங்களுடையதுதானா என்ற ஐயம் தங்களுக்கு வேண்டாம். பின்னி ஆலைத் தொழிலாளியான என் தந்தை, தாம் வாங்கிய ஒவ்வொரு பாட்டுப் புத்தகத்தின் மேல் மூலையிலும் எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று பென்சிலால் எழுதிவைப்பார். இந்த அட்டையில் "மகாலட்சுமி, மேட்னி" என்று எழுதியிருந்தார். ஓட்டேரி மகாலட்சுமியைத்தான் சொல்கிறார். தாங்கள் மூலையை வெட்டிவிட்டீர்கள். ஆனாலும் "மகா" என்ற இரண்டு எழுத்துகள் ஓரத்தில் மிஞ்சி நிற்கின்றன. இதழைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தங்களுக்கும் தெரியும்.

அந்தப் புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது எத்தகைய வேலை என்பதைக் கட்டுரையாளர் அறியமாட்டார். தாள் பழுத்துப்போயிருக்கும், துருப்பிடித்த பின்னை நகத்தால் நெம்பினால் நடுப்பக்கம் கையோடு வந்துவிடும் என்பதால், மெல்லிய கத்தியின் முனையால் பின்னின் காலை நிமிர்த்தி, ஒவ்வொரு தாளாகப் பிரித்தெடுக்க வேண்டும். வேலை முடித்து வந்து, சமையலறை விளக்கை அணைத்த பிறகு நான் செய்யும் வேலை இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் எங்கள் தெருவில் ஏறியபோது, அரிசிக்கு முன்னால் நாங்கள் பரணில் ஏற்றியது அந்தப் பெட்டியைத்தான்.

பாட்டுப் புத்தகம் என்றால் வெறும் பாட்டுகள் மட்டுமல்ல என்பது தாங்கள் அறியாததல்ல. நடிகர் பட்டியல், பாடலாசிரியர் பெயர், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும் கதைச்சுருக்கம் எல்லாம் அதில் இருக்கும். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸ் எங்களுக்கு அடுத்துள்ள ஜார்ஜ் டவுன் கினிமா சென்ட்ரலில்தான் ஓடியது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. படச்சுருள்கள் அழிந்துபோன எத்தனையோ படங்களுக்கு இந்த அணா விலைப் புத்தகங்களே மிச்சம். புனேவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு இவற்றைக் காப்பாற்றியவர்கள், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே சேர்த்துவைத்த ரசிகர்கள்தாம். தமிழ்ப்பட வரலாற்றைத் தொகுத்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் அவர்களும் தம் சொந்த ஆர்வத்தில் சேர்க்கத் தொடங்கியவர்தானே? அந்தச் சேகரிப்பைப் பிற்காலத்தில் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. அவர் 2016இல் மறைந்தபோது தங்கள் இதழும் அஞ்சலி எழுதியது. அதே குணம் வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒருவருக்கு இருந்தால், அவர் மட்டும் தங்கள் கண்ணுக்கு வேலையற்றவராகத் தெரிவது ஏன்?

நாயகர்களின் பெயரால் இணையத்தில் நடக்கும் சண்டையும் ஆபாசப் பேச்சும் எனக்கும் அருவருப்பானவையே. பெண் பெயரில் எழுதுவதால் அதில் என் பங்குக்கு நானும் பட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சண்டைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வசவு என்றதும் தங்கள் கட்டுரையாளருக்கு வடசென்னை மட்டும் நினைவுக்கு வருவது இது முதல் முறையும் அல்ல. எங்கள் பகுதியைக் காட்டும் படம் வந்தால், கத்தியும் ரத்தமும் இருந்தால்தான் "அசலாக இருக்கிறது" என்று தங்கள் விமர்சனங்கள் பாராட்டும். 2021இல், பரம்பரைகள் எனப்படும் வடசென்னைக் குத்துச்சண்டைக் குழுக்களைப் பற்றிய 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தபோது, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் பழைய ஆட்டங்களை நேரில் கண்ட பெரியவர்களை உட்காரவைத்துப் பேசச்சொல்லிப் பதிவு செய்தவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகள். அதைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு வரி இல்லை. 2020இல் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் மூடப்பட்டபோதும் ஒரு பத்தி இல்லை. அப்போதே எழுதினேன், கடிதம் வெளிவரவில்லை. அந்த இதழில் ஏதோ ஒரு மாலில் திறந்த புதிய திரையரங்கின் சாய்வு இருக்கைகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அட்டையில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது. தங்கள் படக்குறிப்போ அதைக் கோவை பட்சிராஜா ஸ்டுடியோ படம் என்கிறது. விசிலடிக்க மட்டுமே தெரிந்ததாகத் தாங்கள் எழுதிய ரசிகர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்பார்கள்.

நான் பணம் கேட்கவில்லை. மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்லும் வழக்கமும் எனக்கில்லை. அடுத்த இதழில் ஸ்டுடியோவின் பெயரைத் திருத்தி, "நன்றி: இணையம்" என்பதை நீக்கி, அந்த இடத்தில் என் தந்தையின் பெயரைப் போட வேண்டுகிறேன். பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். தலைப்பெழுத்து இரண்டையும் விட்டுவிடாமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
வியாசர்பாடி, சென்னை.