செயலாளரின் ஆண்டறிக்கை 2025: டிரம் கோர், அன்றும் இன்றும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் குடும்பங்களுக்கும் வணக்கம். இண்டியானபொலிஸ் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் நம் இசைச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் முன்வைக்கிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தியாகராஜ ஆராதனை நடந்தது. நவராத்திரிக் கச்சேரி நடந்தது. சந்தா பாக்கி இந்த ஆண்டும் இருக்கிறது. யார் யார் என்று மேடையில் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த குடும்பங்களில் பெரும்பாலோர் கார்மல், ஏவன் பள்ளிகளின் மார்ச்சிங் பேண்டில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள். அவர்கள் கேட்டுக்கொண்டபடிதான் மாதக் கூட்டங்களில் டிரம் கோர் பதிவுகளைப் போட்டுப் பேசும் தொடர் ஆரம்பமானது. ஆண்டு முழுக்கச் சங்கத்தில் சத்தம் கேட்டதற்குக் காரணம் இந்தத் தொடர்தான். ஆகவே அறிக்கையில் பாதிக்கு மேல் இதற்கே போகிறது. கச்சேரிப் பிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: டிரம் கோரில் பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள், கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு ஆகிய மூன்றும் உண்டு. கிளாரினெட், சாக்ஸபோன் கிடையாது. முதலில் அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. ஆகிய முன்னாள் படைவீரர் அமைப்புகள்தான் போட்டி நடத்தின, சட்டதிட்டமும் அவர்களுடையதே. நாங்கள் வாசிக்கிறோம், விதியை மட்டும் வேறு யாரோ எழுதுவதா என்று கேட்டு, கவாலியர்ஸ் கோரின் டான் வாரனும் ட்ரூப்பர்ஸ் கோரின் ஜிம் ஜோன்ஸும் வேறு சிலரும் 1971இல் தனி அமைப்பு கண்டார்கள். அதுதான் டி.சி.ஐ., அதாவது டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல். அதன் முதல் சாம்பியன்ஷிப் 1972இல் விஸ்கான்சினில் உள்ள வைட்வாட்டரில் நடந்தது. கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தது. 2009 முதல் இறுதிப் போட்டி நம் ஊர் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கிறது. காரில் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரியே வீடு திரும்பும் பாக்கியம் நமக்கு.

தொடரின் முதல் சண்டை மதிப்பெண் பற்றியது. பழைய முறைக்கு 'டிக்' என்று பெயர். நடுவர்கள் மைதானத்துக்குள்ளேயே வரிசைகளுக்கு நடுவில் நடப்பார்கள். கையில் அட்டையும் பென்சிலும் இருக்கும். ஸ்னேர் டிரம் வரிசைக்கு முன்னால் குனிந்து காதைக் கொடுப்பார்கள். ஒரு குச்சி பிந்தி விழுந்தால் ஒரு கோடு, ஒரு கோட்டுக்கு 0.1 கழிவு. துல்லியத்துக்கான மதிப்பெண் முழுக்க இப்படிக் கழித்துக் கழித்துத்தான் வந்தது. 1983 பருவத்தோடு அது போய், 1984 முதல் சாதித்ததைக் கூட்டிக்கொண்டே போகும் முறை வந்தது. கணக்குப் பேப்பர் திருத்துவதற்கும் கட்டுரைப் பேப்பர் திருத்துவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுபதுகளில் இங்கே படிக்க வந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் டிக் முறைதான் நேர்மையானது என்று வாதாடினார். கோடு விழுந்ததா இல்லையா என்பதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை, இன்று 100 மதிப்பெண்ணில் 40 'பொது விளைவு' என்ற பெயரில் போகிறது, அது யாருடைய மனதில் என்ன விளைவு என்று கேட்டார். பள்ளி டிரம்லைனில் வாசிக்கும் ஒரு பெண் எழுந்து, "அங்கிள், தப்பு பண்ணினா மட்டும் பாயிண்ட் போகும்னா, கஷ்டமான பாட்டை யார் எழுதுவாங்க?" என்றாள். அவர் சற்று யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான் கண்ணு. ஆனா அப்போ பார்க்கிறவனுக்கும் யார் ஜெயிச்சான்னு தெரியும்" என்றார். அன்றைய கூட்டத்தில் பேசப்பட்டவற்றில் இந்த இரண்டு வாக்கியம்தான் தேறும் என்பது என் கருத்து. மற்றவர்கள் மன்னிக்கவும்.

அந்தப் பெண் சொன்னதற்குச் சான்று பதிவிலேயே இருக்கிறது. 1983இல், அதாவது டிக் முறையின் கடைசி ஆண்டில், நியூ ஜெர்சியின் கார்ஃபீல்ட் கேடட்ஸ் ஜெயித்தது. ஜார்ஜ் சிங்காலி அமைத்த டிரில், அதாவது மைதானத்தில் நடந்து வடிவம் போடும் அமைப்பு, அது. அதுவரை மைதானத்தின் இடமும் வலமும் கண்ணாடி பார்த்தது போல ஒன்றாகவே இருக்கும். சிங்காலி அதை உடைத்து, ஒரு வளைவு இன்னொரு வளைவுக்குள் கரைகிற மாதிரி பிள்ளைகளை ஓடவிட்டார். கோணல் கோட்டில் ஓடுகிறவன் தவறு செய்வது எளிது. தப்புக்குக் கழிவு இருந்த ஆண்டிலேயே அப்படித் துணிந்தார்கள். 1984, 1985இலும் ஜெயித்துத் தொடர்ந்து மூன்று முறை வென்றார்கள், டி.சி.ஐ.யில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. 1934இல் தொடங்கிய அந்தக் கோர் 2024இல் மூடப்பட்டது. பதிவு முடிந்ததும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு யாரோ காபி ஆறிப்போகிறது என்றார்கள்.

கருவிகளைப் பற்றி ஒரு கூட்டம் முழுவதும் பேசினோம். அந்தக் காலத்தில் ஜி சுருதி பியூகிள் என்ற பித்தளை ஊதுகொம்பு, அதில் இரண்டே வால்வு. 1990இல் மூன்றாவது வால்வுக்கு அனுமதி வந்தது. 2000 முதல் எந்தச் சுருதிப் பித்தளையும் வரலாம் என்றானது. 2004இல் முன்வரிசைத் தாளக் கருவிகளுக்கு மைக் வந்தது, 2009இல் சிந்தசைசர், 2014இல் டிராம்போன். ஒவ்வொரு அனுமதியின்போதும் 'இதோடு டிரம் கோர் செத்தது' என்று ஒரு தலைமுறை அறிவித்திருக்கிறது. எனக்குப் பிடித்தது ஒரு பழைய பதிவு: டிம்பனி என்ற சுருதி சேர்த்த பெரிய முரசு வரிசையில் ஆளுக்கு ஒரு டிம்பனியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு டிரம். ஒரு பாட்டு அவர்களுக்குள் கைமாறிக் கைமாறிப் போகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கருவிகளைத் தரையில் வைக்க விட்டார்கள், முதுகு பிழைத்தது. இன்று அந்த முன்வரிசையில் மரிம்பா என்ற மரக்கட்டைக் கருவியில் வாசிப்பதைக் கேட்டால், பழையதுதான் உசத்தி என்று மனசாட்சியோடு சொல்ல முடியாது. மைக் விஷயத்தில் மட்டும் என் குறையைப் பதிவு செய்கிறேன். ஸ்பீக்கரிலிருந்து வரும் சிந்தசைசரின் அடிச்சுருதி ட்யூபாக்காரர்களின் மூச்சை விழுங்கிவிடுகிறது.

நம் மாநிலத்துக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ப்ளூமிங்டனில் பில் குக் என்ற தொழிலதிபர் ஆரம்பித்த ஸ்டார் ஆஃப் இண்டியானா 1985இல் களமிறங்கி 1991இல் சாம்பியன் ஆனது. 1993இல் அவர்கள் சாமுவேல் பார்பர், பேலா பார்டோக் ஆகிய இசையமைப்பாளர்களின் இசையை எடுத்தார்கள். கொடி குறைவு, ஆரவாரம் குறைவு. உடல்களே வடிவம், இடையிடையே நிசப்தம். ரசிகர்களில் ஒரு சாரார் முகம் சுளித்தார்கள். இறுதியில் 0.1 வித்தியாசத்தில் கேடட்ஸிடம் தோற்று இரண்டாம் இடம். அதோடு போட்டியை விட்டே வெளியேறி மேடைக்குப் போய், பிற்பாடு 'ப்ளாஸ்ட்!' என்ற நிகழ்ச்சியாகி 2001இல் பிராட்வேயில் டோனி விருது வாங்கினார்கள். இன்றைய கோர்களில் பிள்ளைகள் நடப்பதைவிட ஆடுவது அதிகம், தரையில் விரிப்பு, மேடைப் பொருட்கள் எல்லாம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு 1993 பதிவைப் போட்டால் எது பழையது எது புதியது என்று குழப்பம் வருகிறது. நம் கூட்டத்திலும் வந்தது.

இவ்வளவு பதிவும் கேட்ட பிறகு எனக்குப் பட்டது இதுதான். வால்வோ மைக்கோ பெரிய மாற்றமில்லை. யார் சேர முடிகிறது என்பதில்தான் மாற்றம். அன்று தேவாலயமோ படைவீரர் மன்றமோ தெருப்பிள்ளைகளைச் சேர்த்து நடத்தியது. நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் கோர்கள். ஊர்ப்பெயர் சொன்னால் ஊர்ப்பிள்ளைகள் என்று அர்த்தம். கிங்ஸ்மென், ரிவியரின் 27ஆம் லான்சர்ஸ், பயோனின் பிரிட்ஜ்மென் எதுவும் இன்று போட்டிக் களத்தில் இல்லை. மிஞ்சிய முன்னணிக் கோர்களுக்குப் பல மாநிலங்களிலிருந்து தேர்வுக்கு வருகிறார்கள். ஒரு கோரில் 128 பேர் என்றிருந்த உச்சவரம்பு படிப்படியாக ஏறி 165 ஆகிவிட்டது. ஒரு கோடைப் பருவத்துக்குப் பெரிய கோர்களில் கட்டணம் ஐயாயிரம் டாலரைத் தாண்டுகிறது. நம் பிள்ளைகளில் சிலருக்கு அது எட்டும். அதனால்தான் நாம் இதைப் பற்றிப் பேச முடிகிறது. பக்கத்துத் தெருப் பையனுக்கு எட்டாது. வாசிப்பின் தரம் ஏறியிருக்கிறது, சந்தேகமே இல்லை. வாசல்தான் சுருங்கிவிட்டது.

ஜூலையில் ஒரு கோர் நம் பகுதிப் பள்ளியொன்றில் தங்கியபோது நம் உறுப்பினர்கள் அந்தக் கோரின் சமையல் லாரியில் உதவப் போனார்கள். ஒரு நாளைக்கு நான்கு வேளைச் சாப்பாடு, அத்தனை பேருக்கு. நம் மகளிர் அணி வெங்காயம் நறுக்கிய வேகத்தைப் பார்த்து லாரிக்காரர் மறுநாளும் வருவீர்களா என்று கேட்டார். பிள்ளைகள் ஜிம் தரையில் காற்று மெத்தையில் படுக்கிறார்கள். குச்சிகளில் வெள்ளை டேப் சுற்றி, அது கறுத்து உரிய உரிய மேலே புதிது சுற்றுகிறார்கள். கழுத்தில் டிரம் ஹார்னஸ் பட்டை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருக்கிறது. இந்த விஷயத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு மாற்றமும் இல்லை என்று நம் மூத்த உறுப்பினரே ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்டில் இறுதிப் போட்டிக்குக் கூட்டாக டிக்கெட் எடுத்துப் போனோம். 1940இல் தொடங்கிய பாஸ்டன் குரூசேடர்ஸ் முதல் முறையாக டி.சி.ஐ. பட்டம் வென்றது. டிக்கெட் பணம் இன்னும் தராதவர்கள் பொருளாளரைப் பார்க்கவும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். அடுத்த ஆண்டுக்குச் செயற்குழுவின் முன்மொழிவு ஒன்று: கோடைக் கோரில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட முடியாத உள்ளூர்ப் பிள்ளை ஒருவருக்கு, தமிழ்க் குடும்பமா என்று பாராமல், சங்கத்தின் சார்பில் உதவித்தொகை. தொகை எவ்வளவு, எந்த நிதியிலிருந்து என்பதை இன்று தீர்மானிக்க வேண்டும். நவராத்திரிக் கச்சேரி நிதியைத் தொடக்கூடாது என்ற ஆட்சேபணை எழுத்தில் வந்திருக்கிறது, அதையும் இணைத்திருக்கிறேன்.

அரங்கம் தந்த பள்ளிக்கும், ஒலி ஏற்பாடு பார்த்த இளைஞர்களுக்கும், சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்