ஷிபூலின் என்ன ஆனான்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டி வலிக்கு மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டோடு கிடந்ததில் பழைய பயத்லான் (பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்தது) போட்டிகளையெல்லாம் மறுபடி பார்த்துத் தீர்த்தேன். “அந்த ரஷ்யாக்காரன் ஷிபூலின் என்ன ஆனான்?” என்று கேட்டிருந்தாயே, சரியான ஆளிடம்தான் கேட்டாய்.

2018 டிசம்பரில் ஓய்வு அறிவித்தான். அடுத்த வருடமே ஸ்வெர்ட்லோவ்ஸ்க் பக்கத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டான். அந்தக் கதையில் எனக்கு ருசி இல்லை, விடு.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் அவன் ஓடிய ஸ்பிரிண்டை, அதாவது குறுந்தூர ஓட்டத்தை, இப்போது பார்த்தாலும் வயிறு பிசைகிறது. பனிச்சறுக்கில் மூச்சிரைக்க வந்து, நின்றபடி, 50 மீட்டர் தூரத்தில் உள்ளங்கை அகல வட்டத்தைச் சுட வேண்டும். ஐந்தில் நான்கு குறியில் பட்டது. கடைசித் தோட்டா தப்பியது. தண்டனையாக 150 மீட்டர் சுற்று. முடிவில் நான்காம் இடம், வெண்கலத்துக்கு 0.7 வினாடி பாக்கி!

அதே சோச்சியில் ரிலேயின் கடைசி ஓட்டம் அவனுடையது. ஜெர்மனியின் ஷெம்ப்போடு மல்லுக்கட்டி 3.5 வினாடியில் முந்தினான். 1988-ல் சோவியத் அணி வென்றதற்கு அப்புறம் ரஷ்ய ஆண்கள் அணிக்கு ஒலிம்பிக் ரிலே தங்கம் அதுதான். ஆனால் கூட ஓடிய உஸ்த்யுகோவ் ஊக்கமருந்து வழக்கில் சிக்க, அந்தத் தங்கம் போயிற்று. 2010 வான்கூவர் ரிலே வெண்கலமும் அதோடு போயிற்று. ஷிபூலின் ஒரு சோதனையிலும் மாட்டியதில்லை. இருந்தும் ஒலிம்பிக் கணக்கில் இன்று அவன் பெயரில் ஒன்றுமில்லை. பாவம்தான். அதற்காக இரண்டாவதாக வந்த ஷெம்ப்பை மறக்கக் கூடாது, அந்தத் தங்கம் அவன் அணிக்குச் சேர வழக்கு முடியவே பத்து வருடம் ஆனது.

ரஷ்ய ஊக்கமருந்து விவகாரத்தால் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்கு ஷிபூலினை அழைக்கவே இல்லை. வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. கூடப்பிறந்த அக்கா அனஸ்தாசியா குஸ்மினா அங்கே ஸ்லோவாக்கியாவுக்குத் தங்கம் வாங்கினாள். குழந்தை பிறந்த பிறகு ரஷ்ய அணியில் இடம் கிடைக்காமல் நாடு மாறியவள் அவள். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன பேசியிருப்பார்கள்!

பதக்கம் போன பின்னும் ரசிகர்கள் ஏன் விடவில்லை என்று கேட்டாயே, என் கணிப்பு இது. 2017-ல் ஆஸ்திரியாவின் ஹோக்ஃபில்சனில் உலகச் சாம்பியன் போட்டி. ரிலேயில் தங்கம் வாங்கி மேடையில் நிற்கிறார்கள். ஒலித்தது தொண்ணூறுகளின் பழைய ரஷ்ய கீதம். முகங்கள் சுண்டிப்போயின. இவன் மைக்கைப் பிடித்து, இப்போதைய கீதத்தைத் தானே பாட ஆரம்பித்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இசை கிடையாது, சுருதியும் கிடையாது. நம் பள்ளிக்கூட அசெம்பிளியில் ஸ்பீக்கர் காலை வாரும் நாள் மாதிரியே இருந்தது.

அந்த வீடியோவை உன் பேரன் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன், கேட்டு வாங்கிப் பார். பொங்கலுக்கு ஊர்ப்பக்கம் வருவாயா? கீழ் அறையில்தான் படுக்கை, மாடி ஏற என்னால் ஆகாது.

அன்புடன்,
ரகு