ஏணியின் சொந்தக்காரருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

வணக்கம். வடசென்னையில், ரயில் தண்டவாளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. பகுதி நேரம். சென்ற ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து மார்ச் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் முற்றத்தில் நடந்த கண்காட்சி, கூத்து வரைக்கும் கைகொடுத்தவர்கள் நிறையப் பேர். அன்றே மைக்கைப் பிடித்து நன்றி சொல்வதாக இருந்தேன். துரியோதனனின் கிரீடம் நழுவி மூக்கில் உட்கார்ந்துவிட்டது. அதைக் கட்டிவிட ஓடினேன். திரும்பி வருவதற்குள் ஷாமியானாக்காரர் கம்பத்தைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு விட்டுப்போன நன்றியுரைதான் இது.

யார் பெயரையும் எழுதவில்லை. பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். மீதிப் பேர் படித்தால் தங்களைக் கண்டுகொள்வார்கள்.

எங்கள் நிலைமை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு வரி உண்டு: ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக்கும் உடற்கல்விக்கும் பணிக்கல்விக்கும் பகுதி நேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும். அந்த வரியின் பலத்தில் 2012-இல் தமிழ்நாட்டில் 16,000 பேருக்கு மேல் வேலைக்கு வந்தோம். வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். 2024-இல் அது 12,500 ஆனது. மூன்று அரை நாளில் என்ன சொல்லித்தர முடியும் என்று கேட்காதீர்கள். நானே என்னைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு அரசு கிரேயான் தருகிறது. மூன்றிலிருந்து ஐந்து வரை வண்ணப் பென்சில். ஆறாம் வகுப்புக்கு வந்தால் ஜாமெட்ரி பாக்ஸும் அட்லஸும் கையில் வரும். கலர் ஐந்தாம் வகுப்போடு சரி. நான் எடுப்பதோ ஆறு, ஏழு, எட்டு. இருக்கிற ஓவியப் பீரியடும் முழுசாகக் கைக்கு வராது. பரீட்சை நெருங்கினால் கணக்கு வாங்கிக்கொள்ளும், அறிவியல் வாங்கிக்கொள்ளும். கைமாற்றுக் கடன். யாரும் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த லட்சணத்தில் முதலில் உதவிக்கு வந்தவர் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பேப்பர் கடை அண்ணாச்சி. சார்ட் வாங்கப் போனவள் விலையைக் கேட்டுவிட்டுப் பத்தை ஆறாக்கினேன். எந்தப் பள்ளிக்கூடம் என்றார். சொன்னேன். உள்ளே போய்ப் பத்திரிகை அட்டை வெட்டி மிச்சம் விழுந்த ஓரத் துண்டுகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தார். நாலு விரல் அகலம், இரண்டு முழ நீளம். இதில் என்னத்தை வரைவது என்று வாங்கும்போது மனசுக்குள் நொந்துகொண்டேன் அண்ணாச்சி, இப்போது சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. நீளமாக இருப்பதை எல்லாம் வரைந்தார்கள். கூட்ஸ் வண்டி. கால்வாய். ரேஷன் கடை வரிசை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தண்ணி லாரிக்காகக் காத்திருக்கும் குடங்களை மட்டும் வரைந்தாள். ஆள் ஒருவர்கூட இல்லை. ஐம்பத்து மூன்று குடம், ஒரு நிறம் போல இன்னொன்று இல்லை. சார்ட்டில் வரையச் சொல்லியிருந்தால் மலை, சூரியன், நடுவில் குடிசை என்றுதான் போட்டிருப்பாள். அண்ணாச்சி அப்புறம் மாதாமாதம் கட்டு அனுப்பினார். அதை வாடகை வாங்காமல் ஏற்றிவந்த ஷேர் ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி.

அடுத்தவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

எங்கள் தெருமுனை டீக்கடைப் பலகையில் 'ழ' எழுத்து அவ்வளவு அழகாக இருக்கும். யார் எழுதியது என்று கேட்டேன். கடைக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைக் காட்டினார்கள். இருபது வயதில் போர்டு எழுத ஆரம்பித்தவர். கடைப் பலகை, லாரியின் முன்நெற்றி, தேர்தல் சுவர், தியேட்டர் கட்-அவுட் என்று சென்னை முழுக்க ஏணி போட்டவர். ஃபிளெக்ஸ் வந்ததும் இரண்டே வருடத்தில் வேலை போய்விட்டது. ஏ.டி.எம். ஒன்றுக்கு இரவுக் காவலாளியாக இருக்கிறார். பகலில் தூங்க வேண்டிய மனிதர், புதன்கிழமை தோறும் மத்தியானம் எங்கள் பள்ளிக்கு வந்தார். ஆறாவது வாரம்தான் எனக்கு இந்தத் தூக்கக் கணக்கே புரிந்தது. கேட்டதற்கு, "அது ஏ.டி.எம்.முக்குள்ளயே ஏசி போட்டுருக்காங்கம்மா" என்றார்.

நான் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்கிற அரசு ஓவியத் தேர்வுகள் எல்லாம் ஹையர் கிரேடு பாஸ் செய்தவள். சுண்ணாம்பு தடவிய நூலை இரண்டு பிள்ளைகள் இருபுறம் பிடித்துக்கொள்ள, நடுவில் இழுத்துத் தட்டிப் பதினைந்து அடிச் சுவரில் ஒரே நொடியில் நேர்கோடு விழ வைப்பதை அவரிடம்தான் பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பையன்கள் அன்று நாற்பது கோடு அடித்தார்கள், ஐந்து தேவைப்பட்டது. அப்புறம் கட்டம் போட்டுப் பெரிதாக்குவது. தபால் கார்டு அளவுப் படத்தில் அரை அங்குலக் கட்டம், சுவரில் அரை அடிக் கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் பார், முழுப் படத்தைப் பார்க்காதே என்பார். படமே வரையத் தெரியாது என்று சாதித்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு மூக்கின் ஒரு பாதி இருக்கும் கட்டம் வந்தது. மூக்கு என்று தெரியாமலே மூக்கை வரைந்துவிட்டான்.

இந்த இடத்தில்தான் கணக்கு டீச்சர் கதைக்குள் வருகிறார். தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார், "இது விகிதம்தானே?" மறுநாள் ஏழாம் வகுப்பை அந்தச் சுவர் முன்னால் உட்கார வைத்து நேர்விகிதத்தை அங்கேயே நடத்தினார். அதன் பிறகு என் பீரியடைக் கடன் கேட்பதை நிறுத்தியதோடு, பிப்ரவரியில், ஆமாம், முழு ஆண்டுத் தேர்வு வாசலில் நிற்கும் பிப்ரவரியில், தன்னுடைய இரண்டு பீரியடை எனக்குத் தந்தார். பதின்மூன்று வருடப் பணியில் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. டீச்சர், நீங்கள் நன்றி எல்லாம் எதுக்கு என்பீர்கள். இருக்கட்டும்.

அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போன கதையில் தவறு என்னுடையது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இலிருந்து இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதும் ஊருக்கே தெரிந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. நாற்பது பிள்ளைகளோடு ஒரு வெள்ளிக்கிழமை காலை பாந்தியன் சாலையில் பூட்டிய கதவின் முன்னால் நின்றேன். கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை நடைபாதையிலேயே சாப்பிட்டுத் திரும்பினோம். அந்த வேன்காரர் மறு புதன்கிழமை டீசல் காசுக்கு மட்டும் வந்தார். எழும்பூர் கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் அங்கே வந்து சேர்ந்துகொண்டார்கள். 1850-இல் ஆரம்பித்த கல்லூரி அது. எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட அதன் பெயரைக் கேட்டதில்லை. வெண்கலக் கூடத்தில் ஆளுக்கு எட்டுப் பேரைப் பிரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரருக்கு முன்னால் ஒரு பையன் எழுந்து, "மிஸ், இந்தப் பக்கம் ரெண்டு கை, அந்தப் பக்கம் ஒண்ணுதான் கீது" என்று கூடமே அதிரக் கத்தினான். ஆயிரம் வருடச் சிலையை அதுவரை பார்த்த எத்தனை பேர் கையை எண்ணியிருப்பார்கள்? நான் எண்ணியதில்லை. அந்த ஐந்து பேரில் இருவர் கடைசிவரை சனிக்கிழமைகளில் வந்தார்கள். எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் இப்போது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு அந்தக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று வீட்டில் சண்டை போடுகிறாள். சண்டைக்கு நீங்கள்தான் பொறுப்பு, தம்பிகளே.

கூத்து வாத்தியார் செய்யாறு பக்கத்திலிருந்து வந்தவர். பஸ் சார்ஜுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகும்போது ஆடிக்கொண்டே வருகிற அந்தத் திரைப் பிரவேசத்தை மட்டும் மூன்று வாரம் பழக்கினார். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் திரைக்குப் பின்னால் பாடினார்கள். முகம் தெரியாத தைரியம். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த புஜகீர்த்தி என்கிற தோளணி, மார்பதக்கம் எல்லாவற்றையும் நம்பிக்கையாகப் பிள்ளைகள் கையில் தந்தார். இரண்டு கண்ணாடிச் சில்லு உதிர்ந்துவிட்டது வாத்தியாரே, ஒட்டித் தருகிறோம்.

2022-23-இலிருந்து அரசு நடத்துகிற கலைத் திருவிழாவில் களிமண் சிற்பத்துக்கு வட்டார அளவில் ஜெயித்தோம், மாவட்டத்தில் தோற்றோம். அதற்கு ஆற்றங்கரைக் களிமண் மூட்டை கொண்டுவந்து தந்த அப்பாவுக்கு நன்றி.

வண்ணப் பெட்டி தந்த நிறுவனத்துக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். போட்டோ எடுக்க நாற்பது நிமிடம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைத்ததை மறந்துவிடுகிறேன். மறக்க முடியாதது, அவர்கள் விட்டுப்போன இருபதடி ஃபிளெக்ஸ் பேனர். குப்பைக்குப் போக இருந்ததை நம் போர்டு தாத்தா தடுத்தார். திருப்பிப் போட்டார். பின்பக்கம் முழு வெள்ளை. கூத்து மேடைக்குப் பின்திரையாக அதில் பிள்ளைகளோடு சேர்ந்து குருட்சேத்திரம் வரைந்தார். தேர்ச் சக்கரத்துக்குக் கீழே, மூலையில், சின்ன எழுத்தில் பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் எழுதினார். அவர் பெயரையும் எழுதச் சொல்லிப் பிள்ளைகள் கெஞ்சினார்கள். "ஃபிளெக்ஸ்ல என் பேரா!" என்று சிரித்தார். எழுதவில்லை.

தலைமை ஆசிரியை அம்மாவுக்கு: நீங்கள் எதையும் தடுக்கவில்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்களுக்கு, முற்றத்தைக் கழுவித் தந்த ஆயாம்மாவுக்கு, சீருடையில் எனாமல் பெயிண்ட் பட்டும் என்னைத் திட்டாத வீடுகளுக்கு, திட்டிய இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து, நன்றி. பணமாகத் தந்தவர்களின் வரவு செலவுக் கணக்கு பள்ளி அறிவிப்புப் பலகையில் பில்லோடு ஒட்டியிருக்கிறது. மிச்சம் 340 ரூபாய். பிரஷ் வாங்கப் போகிறோம்.

கடைசியாக ஏணி. டிசம்பரில் சுவர் வேலை நடந்தபோது பத்தடி அலுமினிய ஏணி ஒன்று வந்தது. போர்டு தாத்தா கொண்டுவந்தார் என்று நான் நினைத்தேன், நான் வாங்கினேன் என்று அவர் நினைத்தார், நன்கொடை என்று தலைமை ஆசிரியை பதிவேட்டிலேயே ஏற்றப் பார்த்தார். யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. அது இல்லாமல் சுவரின் மேல்பாதி வெள்ளையாகவே இருந்திருக்கும். ஐயா, அல்லது அம்மா, தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் படிக்கு ஒரு கலராகப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். வாட்ச்மேன் அண்ணன் சாயங்காலம் ஆறு மணி வரை இருப்பார். அடையாளம் கேட்பார். எத்தனை படி என்று சரியாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓவிய டீச்சர்