அமைதியும் பக்தியும் ஒரே கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வலி, தூக்கம், பசி, வாந்தி என்று எல்லாவற்றையும் விரிவாகப் பேசிய கட்டுரையாளர், ஆன்மிகம் பற்றிக் கேட்பது மருத்துவத்தின் வேலையல்ல என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். புற்றுநோய் வார்டில் பல வருடம் செவிலியராக இருந்த எனக்கு இது சரியாகப் படவில்லை.

கடும் நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பாலியேட்டிவ் சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2002-இல் தந்த விளக்கத்திலேயே ஆன்மிகத் தேவைகளும் உண்டு. 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். ஆன்மிக நலம் கூடியிருந்தவர்களால் வலிக்கும் களைப்புக்கும் நடுவிலும் வாழ்க்கையை ரசிக்க முடிந்தது என்று அது சொன்னது. அதில் பயன்பட்ட, ஆன்மிக நலத்தை அளக்கும் ஃபேசிட்-எஸ்பி என்ற கேள்வித்தாளில் 12 கேள்விகள். எட்டு, மன அமைதியையும் வாழ்வின் அர்த்தத்தையும் பற்றியவை. நான்கு, ஆன்மிக நம்பிக்கை பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை போட்டு, எல்லாவற்றையும் கூட்டினால் அதிகபட்சம் 48.

என் தகராறு இந்தக் கூட்டலோடுதான். எங்கள் வார்டில் ஒரு கறுப்புச் சட்டைப் பெரியவர் இருந்தார். வாய்ப்புண்ணால் கஞ்சிகூட இறங்காத நாளிலும் பக்கத்துக் கட்டில் பையனுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவார். சாமி, நம்பிக்கை என்று கேட்டால் அவருக்குச் சுழியம்தான் விழும். மொத்தத்தை மட்டும் பார்க்கிற டாக்டர், மனம் நொந்த ஆள் என்று குறித்துக்கொள்வார். பெண்கள் பகுதியில் ஓர் அம்மா. நெற்றி நிறையத் திருநீறு, தலையணைக்கடியில் முருகன் படம். "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினேனோ சிஸ்டர்" என்று இரவெல்லாம் அழுவார். நம்பிக்கைக் கேள்விகளில் அவர் முழு மதிப்பெண்கூட வாங்கியிருப்பார். அவரை அரித்த அந்தப் பயத்தைக் கேட்க 12-இல் ஒரு கேள்வியும் கிடையாது.

வாழ்க்கைத் தரத் தாளோடு ஆன்மிகத்தைப் பற்றியும் கட்டாயம் கேளுங்கள். ஆனால் அமைதி, அர்த்தம், நம்பிக்கை மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பாவம், தண்டனை என்ற பயத்தையும் நம் ஊர் நோயாளிகளிடம் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம், பார்வையாளர் நேரத்தில் மட்டும் வேண்டாம். மகனும் மருமகளும் பக்கத்தில் நின்றால் எல்லாரும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்