புல்வெளி தரிசு நிலம் அன்று: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

உலகின் பல்லுயிர்த் தொகுதிகள், அதாவது ஒத்த காலநிலையில் ஒத்த தாவரங்களும் விலங்குகளும் வாழும் பெரும் நிலப்பரப்புகள், பற்றிய பாடத்தை நம் பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிட்டார்கள். விடைத்தாள்களை நானும் வாங்கிப் படித்தேன். சவானா, ஸ்டெப்பி என்னும் புல்வெளிகள், டைகா என்னும் ஊசியிலைக் காடு, தூந்திரம் என்னும் உறைபனி நிலம் எனப் பெயர்களைப் பிழையின்றி எழுதியவர்களில் பலர், புல்வெளிகளைக் காப்பது எப்படி என்ற கேள்விக்கு, அங்கே நிறைய மரங்களை நட வேண்டும் என்று விடை எழுதியிருந்தார்கள். நல்லெண்ணத்தில் எழுதிய விடைதான். ஆனாலும் அது தவறு என்பதை அவர்கள் கண்ணால் கண்டு உணர வேண்டும் என விரும்புகிறேன். அதற்காகவே ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை அவர்களைக் கோடியக்கரைக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம்.

ஓரிடத்தில் எது வளரும் என்பதைப் பெரும்பாலும் மழையும் வெப்பமுமே முடிவு செய்கின்றன. தூந்திரத்தில் அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பதால் மரங்கள் ஆழ வேர்விட முடிவதில்லை. பாசிகளும் குறுஞ்செடிகளுமே நிலைக்கின்றன. ஆப்பிரிக்கச் சவானாவிலோ மழை சில மாதங்களுக்கே உண்டு. எஞ்சிய மாதங்களின் வறட்சியும், காட்டுத்தீயும், மேய்ச்சலும் சேர்ந்து மரங்களை அடர விடுவதில்லை. புல்லுக்கு இவையெல்லாம் பெரிய இடர் அல்ல. அதன் வளரும் பகுதி தரையை ஒட்டியே இருப்பதால், மேலே உள்ள தாளை வரிக்குதிரை மேய்ந்தாலும் தீ கருக்கினாலும் மழை விழுந்ததும் மீண்டும் துளிர்த்துவிடுகிறது. அங்குள்ள செரங்கெட்டிப் புல்வெளியில் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இன விலங்குகள் லட்சக்கணக்கில் மழையைத் தொடர்ந்து இடம்பெயர்வது இந்தத் துளிரைத் தேடித்தான்.

1967ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரையில் உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி, உப்பங்கழி மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் வரும் பருவம் இது. என்றாலும் நாங்கள் அதிக நேரம் நிற்கப் போவது புல்வெளியில்தான். அங்கே வாழும் வெளிமானின் பெயரிலேயே 'வெளி' இருக்கிறது; தொலைவிலேயே ஆபத்தைக் கண்டு பாய்ந்தோடித் தப்பும் அந்த மானுக்குத் திறந்த நிலமே பாதுகாப்பு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம் இந்தப் புல்வெளிக்குள் புகுந்து அடர்ந்து வருகிறது. அதன் இனிப்பான காய்களைத் தின்னும் மான்களே புழுக்கை வழியாக விதைகளைப் பரப்பி, தம் இடத்தைத் தாமே இழந்து வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. பிள்ளைகள் அந்த விதைகளையும் முளைகளையும் குனிந்து பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும்.

பேருந்து காலை 5.30 மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்படும். பளிச்சென்ற நிற உடைகளைத் தவிர்த்து, தொப்பி, குடிநீர், மதிய உணவு ஆகியவற்றுடன் அனுப்புங்கள். நெகிழிப் பைகள் வேண்டாம்.

தங்களிடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. வீட்டில் ஆடு மாடு மேய்த்த பெரியவர்கள் இருந்தால், அறுகு, கொழுக்கட்டைப் புல் என அவர்கள் அறிந்த புல்வகைகளையும், அவை முன்பு எங்கே வளர்ந்தன, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதைக் குறிப்பேட்டில் எழுதி, தங்கள் ஒப்புதல் கையொப்பத்துடன் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் அவர்கள் ஒப்படைக்க வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்